லேப்டாப்பை எங்கே வாங்குவது? கம்பெனியிலா, கடையிலா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளின் பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



"எதைப் பத்திப் பேசப் போறே?" என்று செயலாளர் போனில் கேட்டார். "லேப்டாப் வாங்குறதைப் பத்திண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, செயற்கை நுண்ணறிவு, செமிகண்டக்டர்னு பெரிசா ஏதாவது பேசக்கூடாதா?" என்றார். "அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்கண்ணே. முதல் வருஷத்துப் பிள்ளைகளோட அப்பா அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேக்கிறது இது ஒண்ணைத்தான்" என்றேன். சரி என்று சாப்பாட்டுக்குப் பிறகு இந்த நேரத்தைக் கொடுத்திருக்கிறார். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம், மைக் பக்கத்தில் இருக்கிறது.

நான் முதல் லேப்டாப் வாங்கிய கதையைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2007-ம் வருடம், ஜூன் மாதம். மூன்றாம் ஆண்டு தொடங்கப் போகிற நேரம். எங்கள் வகுப்பில் லேப்டாப் வைத்திருந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்களுக்குக் கல்லூரி லேப்தான் கதி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது மாதிரி போவோம். என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனர். அம்மா கட்டி வந்த சீட்டை அந்த மாதம் எடுத்தார்கள். 40,000 ரூபாயை மஞ்சள் பையில் சுருட்டி அப்பா இடுப்பில் செருகிக்கொள்ள, நாங்கள் இருவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

கடையின் பெயர் வேண்டாம். ஏ.சி. போட்ட கடை, உட்கார வைத்து கூல்டிரிங்க்ஸ் கொடுத்தார்கள். 37,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். புத்தம் புதிய விண்டோஸ் விஸ்டா. ரேம் எவ்வளவு என்று கேட்கத் தெரிந்த எனக்கு, விஸ்டாவுக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. 512 எம்.பி. அது எழுந்து உட்காருவதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அது கூடப் பெரிசில்லை.

பணம் எண்ணும்போது கடைக்காரர் அப்பாவிடம் சொன்னார்: "பில் போட்டா 4 பர்சென்ட் வாட் வரும் சார். 1,480 ரூபாய். எஸ்டிமேட் ஸ்லிப் போதும்னா அது உங்களுக்கு மிச்சம்." மதிப்புக்கூட்டு வரி தமிழ்நாட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னடா, பில் வேணுமா?" எத்தனை ஆயிரம் பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனிதர், டிக்கெட் இல்லாமல் போகலாமா என்று என்னைக் கேட்கிறார். நான் இஞ்சினியரிங் படிக்கிறவன் அல்லவா, தெனாவட்டாகச் சொன்னேன்: "வேண்டாம்ப்பா, அதான் கம்பெனி வாரண்டி இருக்கே."

2008 மார்ச்சில் ஒரு ராத்திரி அது செத்துப் போனது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்த பையன், "உங்க ஒரு வருஷ வாரண்டி போன மாசமே முடிஞ்சிருச்சே" என்றான். "வாங்கி ஒன்பது மாசம்தானேங்க ஆச்சு?" என்றேன். "இருக்கலாம் சார். பில் கொண்டு வாங்க, தேதியை மாத்திக் கொடுத்திடறோம்." அந்த எஸ்டிமேட் ஸ்லிப்பை நீட்டினேன். அவன் சிரிக்கவில்லை, அதற்காக இன்றும் அவனுக்கு நன்றி சொல்வேன். மதர்போர்டு மாற்ற 14,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தான். அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். லேப்டாப் பரண்மேல் ஏறியது. என் புராஜெக்டை நண்பன் ஒருவனுடைய மெஷினில், அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்து முடித்தேன். அவன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறான், இப்போதும் தூங்குகிறான். அப்பா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்காரர் எல்லாம் மோசம் என்று சொல்ல இந்தக் கதையைச் சொல்லவில்லை. அதில் பாதிக் குற்றம் என்னுடையது. நான் கேட்க நினைப்பது வேறு. வாங்கி ஒன்பதே மாதமான பொருளுக்கு ஒரு வருட வாரண்டி எப்படி முடியும்? இதைப் புரிந்துகொண்டால் இன்றைய தலைப்பில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

தொழிற்சாலையிலிருந்து லேப்டாப் பெரிய விநியோகஸ்தருக்குப் போகிறது. அங்கிருந்து சின்ன டீலர், அங்கிருந்து கடை. கடை அலமாரியில் சில மாதம். உங்கள் கைக்கு அது என்றைக்கு வந்தது என்று கம்பெனிக்குத் தெரியாது. சரக்கு தன் கையை விட்டுப் போன நாள்தான் அதன் கணக்கில் இருக்கும். நீங்கள் வாங்கிய நாளைக் கம்பெனிக்குச் சொல்லும் ஒரே சாட்சி பில். நான் 1,480 ரூபாய்க்கு விற்றது அந்தச் சாட்சியை.

நேராகக் கம்பெனியிலேயே வாங்கினால் நடுவில் யாரும் கிடையாது, இந்தக் குழப்பமும் கிடையாது. இந்த வழியைப் பெரிய வியாபாரமாக்கியவர் மைக்கேல் டெல். 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக இருந்தபோது, விடுதி அறையில் 1,000 டாலர் முதலோடு ஆரம்பித்தார். ஹாஸ்டல் வார்டன் கவனிக்கவும். கடையே இல்லை. டெலிபோனில் ஆர்டர் எடுப்பது, கேட்டபடி கம்ப்யூட்டரைப் பூட்டுவது, நேராக வீட்டுக்கு அனுப்புவது. 1996-ல் அதை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோனார்.

இதில் உள்ள சூட்சுமம் நம் காய்கறிக் கடைக்காரருக்குத் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் பாகங்கள் தக்காளி மாதிரி. கூடையில் இருக்க இருக்க விலை இறங்கும். சிப்பும் டிஸ்க்கும் வாராவாரம் விலை குறைந்துகொண்டிருந்த காலம் அது. கடைகள் வழியாக விற்ற கம்பெனிகளின் சரக்கு வாரக் கணக்கில் வழியிலும் அலமாரியிலும் கிடந்து வாடியது. டெல்லிடம் 1990-களின் கடைசியில் சுமார் ஒரு வாரத்துக்கான சரக்குதான் இருந்தது. வாடிக்கையாளர் பணத்தை முதலிலேயே கட்டிவிடுவார். பாகம் கொடுத்தவருக்கு டெல் பிறகுதான் கொடுக்கும். நடுவில் அடுத்தவர் பணத்தில் வியாபாரம். கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் அதே டெல் 2007-ல் வால்மார்ட் கடைகளில் கம்ப்யூட்டரை அடுக்க ஆரம்பித்தது. நான் மதுரையில் எஸ்டிமேட் ஸ்லிப் வாங்கிய அதே வருடம்! ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை தொடங்கியதும் அதே வருடம்தான். நேர் விற்பனையில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர் ஏன் கடைக்கு வந்தார்? மேஜைக் கம்ப்யூட்டரை யாரும் தொட்டுப் பார்த்து வாங்கவில்லை. அது மேஜைக்கடியில் கிடக்கிற பெட்டி. லேப்டாப் அப்படியில்லை. அதன் எடை, கீபோர்டு, ஸ்கிரீன், மூடித் திறக்கிற கீல் எல்லாம் கைக்கும் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதற்காகக் கடை திறந்தால் போதும், ஜெயித்துவிடலாம் என்றும் சொல்ல முடியாது. கேட்வே என்று ஒரு கம்பெனி. அயோவா மாநிலத்தில் 1985-ல் ஆரம்பித்து, பசுமாட்டுப் புள்ளி போட்ட அட்டைப்பெட்டியில் நேராக வீட்டுக்கு அனுப்பியே பெரிதானது. பிறகு சொந்தக் கடைகள் திறந்தது. 2004-ல் மிச்சமிருந்த 188 கடைகளையும் ஒரேயடியாக மூடியது. ஆப்பிள் கதை வேறு மாதிரி. இந்தியாவில் 2020-ல் முதலில் ஆன்லைன் விற்பனை, 2023-ல்தான் மும்பையில் முதல் சொந்தக் கடை. யாருக்கும் இதில் முடிந்த முடிவு கிடைத்த மாதிரி தெரியவில்லை.

வேலைக்குப் போன பிறகு, பட்ட சூட்டில் நான் கடைப்பக்கமே போகவில்லை. 2014-ல் ஒரு கம்பெனியில் நேராக ஆர்டர் போட்டேன். எனக்கு வேண்டிய ரேம், எனக்கு வேண்டிய டிஸ்க், மூன்று வருடம் வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வந்து சேர 16 நாள் ஆனது. இரண்டாம் வருடம் கீபோர்டில் பாதி எழுத்து வேலை செய்யவில்லை. போன் செய்த மறுநாள் ஒருவர் சென்னையில் என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து மாற்றிக் கொடுத்துவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். எனக்குக் கண் கலங்காத குறை.

அந்த உற்சாகத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் ஆர்டர் போட ஆரம்பித்தேன். அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, விருதுநகரில் கணக்கு எழுதுகிற தொழில். நாள் முழுக்க டாலியில்தான் உட்கார்ந்திருப்பார். எடை குறைவாக, அழகாக, 14 அங்குலத்தில் ஒன்று வரவழைத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "மாப்ளே, நம்பர் எல்லாம் எங்கே?" என்றார். வலது பக்கத்தில் தனியாக இருக்குமே அந்த எண் பலகை, அது அதில் இல்லை. கணக்குப்பிள்ளைக்கு நம்பர் இல்லாத கீபோர்டு! திருப்பி அனுப்பக் கேட்டால், பொருளில் பழுது இல்லை, உங்களுக்கென்று பூட்டியது, எடுக்க முடியாது என்றார்கள். அவர்கள் விதியில் அப்படித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. கடைக்குப் போயிருந்தால் அத்தான் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். இன்றைக்கும் தனியாக ஒரு நம்பர் பலகையை வயர் போட்டுச் செருகித்தான் வேலை பார்க்கிறார். நான் போகும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் சத்தமாகத் தட்டுவார்.

ஆக, இரண்டு வழியிலும் நான் சூடு பட்டவன். அதனால் தம்பி தங்கைகள் யாராவது கேட்டால், எங்கே விலை குறைவு என்று நான் ஆரம்பிப்பதில்லை. விலை இரண்டு இடத்திலும் ஆயிரம் இரண்டாயிரம் முன்பின் இருக்கும். தீபாவளி நேரத்தில் கடைக்காரர் பையும் மவுசும் சேர்த்துக் கொடுப்பார். கம்பெனிக்காரர் கல்லூரி அடையாள அட்டைக்கு மாணவர் தள்ளுபடி கொடுப்பார். பேசினால் கடையில் குறையும், வெப்சைட்டிடம் பேச முடியாது. நான் முதலில் கேட்பது, "உன் வீடு எங்கே?" என்பதைத்தான்.

ஏனென்றால் "வீட்டுக்கே வந்து பார்ப்போம்" என்கிற வாரண்டி எல்லாப் பின்கோடுக்கும் ஒரே மாதிரி ஓடாது. சென்னையில் மறுநாள் வருகிறவர் கமுதிப் பக்கத்துக் கிராமத்துக்கு எப்போது வருவார்? ஆர்டர் போடுமுன் பின்கோடைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் அரை மணி தூரத்தில் முகம் தெரிந்த கடைக்காரர் இருந்து, "வெச்சுட்டுப் போங்க, நான் அனுப்பி வாங்கித் தர்றேன்" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். சும்மா சொல்லவில்லை, நான் கொடுப்பேன்.

கேட்டபடி பூட்டித் தருகிற சுகமும் இப்போது முன்னளவு இல்லை. மெல்லிசாக வேண்டும் மெல்லிசாக வேண்டும் என்று நாம் கேட்டுக் கேட்டு, பல மாடல்களில் ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். நான் போர்டு சோதிக்கிற தொழிலில் இருப்பவன், தினமும் பார்க்கிறேன். அப்படிப்பட்டதை 8 ஜி.பி.யோடு வாங்கினால் அதன் ஆயுள் முழுக்க 8 ஜி.பி.தான். எங்கே வாங்கினாலும், ரேம் மாற்ற முடியுமா, காலி இடம் உண்டா என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஸ்கிரீனும் அப்படித்தான். ஒரே பெயரில் வரும் இரண்டு லேப்டாப்பில் ஒன்றின் ஸ்கிரீன் பளிச்சென்று இருக்கும், இன்னொன்று சாயம் போன வேட்டி மாதிரி இருக்கும். மாடல் நம்பரின் வால்பகுதியில்தான் வித்தியாசம். பெயரைப் பார்த்து விலையை ஒப்பிடாமல், முழு நம்பரையும் எழுதி வைத்து ஒப்பிட வேண்டும்.

தக்காளி விலை இறங்கும் என்று சொன்னேன் அல்லவா, சில சமயம் ஏறவும் செய்யும். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென்று ஏறியது. அந்த மாதிரி நேரத்தில் கணக்கு தலைகீழ். பழைய விலையில் எடுத்த சரக்கு அலமாரியில் இருக்கிற கடையில்தான் லாபம் கிடைக்கும், கடைக்காரருக்கு மனசிருந்தால்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு நான் பட்ட பாட்டிலிருந்து ஒரு காரியம் சொல்கிறேன், இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். சீரியல் நம்பர் அட்டைப்பெட்டியின் வெளியிலேயே ஒட்டியிருக்கும். பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்கும் முன் போனில் அந்தக் கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தைத் திறந்து நம்பரைப் போட்டுப் பாருங்கள். வாரண்டி எப்போதோ தொடங்கியிருந்தால், அது எவ்வளவு நாளாகக் கடையில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு பேரம் பேசுவதும் சுலபம். வாங்கினால் பில் தேதியைக் கொண்டு அந்த வாரமே திருத்திக்கொள்ள வேண்டும், கெட்டுப்போகும் வரை காத்திருக்கக் கூடாது. கூரியரில் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பில் விஷயம் இன்னும் ஒன்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. லேப்டாப்புக்கு 18 சதவீதம். 60,000 ரூபாய் லேப்டாப்பில் சுமார் 9,150 ரூபாய் வரிதான். நம் முன்னாள் மாணவர்களில் தொழில் நடத்துகிறவர்கள், ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, தொழிலுக்காக வாங்கினால் அந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வெப்சைட்டில் ஆர்டர் போடும்போதே பதிவு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் பில்லை மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாடு. "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்கிறார்களே, அதிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, விற்கிறவர் அந்த அளவுக்குத் தள்ளுபடி கொடுக்கிறார். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. நம் தலையில். சின்னத் தொகைதான், ஆனால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

"கம்பெனி பெங்களூரில் இருக்கு, நாங்க அருப்புக்கோட்டையில் இருக்கோம், சண்டை வந்தா யார்கிட்ட போறது?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். முன்பிருந்த 1986-ம் வருடச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கிற இடத்திலோ, விவகாரம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் செய்தும் பார்க்கலாம். இதெல்லாம் கடைக்கும் பொருந்தும், கம்பெனிக்கும் பொருந்தும். எஸ்டிமேட் ஸ்லிப்பைத் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் யாருக்கு எதிராக, எதை வைத்து வழக்காடுவது?

போன மாதம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கூப்பிட்டார். அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார். கையில் 52,000 ரூபாய். திங்கட்கிழமை லேப் ஆரம்பம், கூப்பிட்டது வியாழக்கிழமை. வெப்சைட்டில் அவருக்குப் பிடித்தது 1,900 ரூபாய் குறைவு, ஆனால் வர 12 நாள் ஆகும், வீட்டுக்கு வந்து பார்க்கிற சேவை அவர்கள் பின்கோடுக்கு இல்லை. கடையில் போய் வாங்கச் சொன்னேன். சீரியல் நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தபோது வாரண்டி நான்கு மாதம் ஓடியிருந்தது. அந்தப் பெண் பேசியிருக்கிறார், 1,500 குறைத்து, பில்லும் கொடுத்து, தேதியையும் அங்கேயே திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அதே மாணவி கடைசி வருடத்தில் இருந்து, கையில் ஒரு மாத அவகாசமும், சென்னையில் ஒரு அறையும் இருந்திருந்தால், கம்பெனியில் நேராகப் போடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். பரண்மேல் ஏறிய அந்த 2007-ம் வருட லேப்டாப்பைக் கொண்டு வந்திருக்கிறேன். பின்பக்க மேஜையில் இருக்கிறது, பக்கத்தில் ஸ்குரூ டிரைவரும் இருக்கிறது. ரேம் எங்கே உட்காரும், போர்டில் பற்றவைத்தது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிற தம்பி தங்கைகள் வந்து தாராளமாகக் கழற்றலாம், இனிமேல் அது கெட ஒன்றுமில்லை. அதன் பையில் அந்த எஸ்டிமேட் ஸ்லிப்பும் அப்படியே இருக்கிறது. மை கொஞ்சம் மங்கிவிட்டது, தொகை மட்டும் தெரியும்.